மழைக்கோட்டை விட மாற்றுச் சட்டை முக்கியம்

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய சைக்கிளிலேயே இப்போது தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவள்.

"பெரியப்பா, ஐப்பசி வருது. நல்ல ரெயின்கோட்டா ஒண்ணு வாங்கணும். ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒண்ணு பார்த்தேன். வாங்கலாமா?"

"வாங்காதே" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. கிழவன் சிக்கனம் பேசுகிறான் என்று நினைத்திருப்பாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வில்லியனூரிலிருந்து டவுனுக்கு இருபத்தாறு மழைக்காலம் சைக்கிள் மிதித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

என் அப்பா காலத்தில் மழைக்கு உடை என்றால் கொங்காணிதான். கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் மாட்டிக்கொண்டால் முதுகு முழுக்க மூடிவிடும். குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல உடை இல்லை. முன்பக்கம் திறந்திருப்பதால் புழுங்காது. ஆனால் சைக்கிளுக்கு அது ஆகாது. சைக்கிளில் மழை முன்னாலிருந்து வரும். முதலில் நனைவது தொடைதான். பிறகு யூரியா சாக்கு வந்தது. எடை குறைவு, தண்ணீர் குடிக்காது. மற்றபடி அதே கதை.

மில்லுக்குப் போகிறவர்கள் சிலரிடம் கேப் இருந்தது. ரோடியர் மில், சுதேசி மில், பாரதி மில் என்று கிராமங்களிலிருந்து ஷிப்டுக்குப் போன சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். கை இல்லாத, குடை போல விரிந்த ரப்பர் துணி. முன்பகுதியை ஹாண்டில்பார் மேல் போட்டுக்கொண்டால் மடி நனையாது, கீழிருந்து காற்றும் வரும். நானும் ஒரு டக்பேக் கேப்பை பழசாக வாங்கினேன். கல்கத்தாவில் 1920-ல் சுதேசிக் கம்பெனியாகத் தொடங்கிய பெங்கால் வாட்டர்ப்ரூஃப் தயாரிப்பு. கோடையில் பவுடர் தூவி மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து சைக்கிளுக்கென்றே யோசித்துச் செய்த உடை அது ஒன்றுதான். ஒரே குறை, ஆரியபாளையம் பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று அடியில் புகுந்து பாய்மரம் போலத் தூக்கும். கேப்பின் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்துக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு தொல்லை இல்லை.

இப்போது கடையில் விற்கிற கோட்டும் பேண்டும் மோட்டார் சைக்கிள்காரருக்காகச் செய்தவை. அவர் உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள்காரர் உழைக்கிறார். உள்ளே வருகிற வியர்வைக்கு வெளியே போக வழியில்லை. மழையில் நனையாமல் வந்து கோட்டைக் கழற்றினால் சட்டை பிழிகிற அளவுக்கு ஈரமாக இருக்கும். குளிர்நாட்டில் நனைந்தால் உடம்பு விறைத்துப்போகும், அதனால் அங்கே மூட வேண்டியது அவசியம். நம் ஐப்பசி மழை அப்படிப்பட்டதல்ல. அரைமணி நேரம் நனைந்தபடி மிதிப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது. நனைந்தபடி எட்டு மணி நேரம் உட்கார்வதுதான் கெடுதல்.

தலைமூடி விஷயத்தில் நான் பட்டு அறிந்தேன். அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டில் மேம்பாலம் இல்லாத காலம். ஒரு மாலை மழையில் கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். பின்னால் வண்டி வருகிறதா என்று தலையைத் திருப்பினேன். தலை திரும்பியது, தலைமூடி திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அதன் உட்புறம் மட்டும்தான். பஸ் ஹாரன் கேட்டு ஒதுங்கினேன். சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தேன். சாப்பாட்டு கேரியர் நடுரோட்டில் உருண்டுகொண்டிருந்தது. அன்றோடு தலைமூடியை விட்டேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண தொப்பி போதும். கண்ணாடி போட்டவர்களுக்கு அது இன்னும் வசதி. காது திறந்திருக்கும், கழுத்து திரும்பும்.

ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஜப்பானில் அதற்குத் தடையே இருக்கிறது. ஈர ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். இரண்டு பிரேக்கும் சேர்ந்தே பாதிதான் பிடிக்கும் நாளில் ஒற்றைப் பிரேக்கை நம்பலாமா?

ஆகவே என் சிபாரிசு இவ்வளவுதான். மேலே சீக்கிரம் உலரும் மெல்லிய பாலியஸ்டர் சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும். பேண்டை முழங்கால் வரை மடித்துவிடுங்கள். பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். செயினில் சிக்கினால் சைக்கிளோடு விழ வேண்டியதுதான். காலுக்கு ஷூ வேண்டாம், ஹவாய் செருப்பும் வேண்டாம். பின்பட்டை வைத்த ரப்பர் சாண்டல். தேங்கிய தண்ணீரில் கால் வைத்திருந்தால் போய்ச் சேர்ந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் அதன் வழியாகத்தான் வரும். மேலே போட ஒன்று வேண்டுமென்றால் மஞ்சள் நிறத்தில், கேப் மாதிரி, விலை குறைந்தது. கறுப்பு வேண்டாம். அந்தக் காலத்தில் டயர் நனைந்தால் டைனமோ வழுக்கி விளக்கு அணைந்துவிடும். இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலும் விளக்கே இல்லை. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு உங்கள் சட்டைதான் விளக்கு.

எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய மாற்றுத்துணி. உள்ளாடை உட்பட ஒரு முழு செட், ஒரு துண்டு.

இதைக் கேட்டதும் அந்தப் பெண் சொன்னாள்: "மாத்திக்க எடம் வேணுமே பெரியப்பா."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் இடம் இருந்ததில்லை. இருந்தது ஒரு கழிப்பறை. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. ஈரச் சட்டையை ஃபைல் ரேக்கில் காயப்போட்டதற்காக ஒருமுறை திட்டு வாங்கினேன். அந்த மாரிக்காலம் முழுக்கச் சேற்றுப்புண்ணோடு கிடந்தேன். என்னுடையதாவது பரவாயில்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். பஸ் நிற்குமிடத்துக்குச் சைக்கிளில் வந்து, பிறகு பஸ் பிடித்து வர வேண்டும். நனைந்த புடவையோடு மின்விசிறிக்குக் கீழே சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். நாங்கள் ஆண்கள் பத்துப் பேர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். அதுதான் மரியாதை என்று நினைத்தோம். கடைசி ஆறு வருடம் அந்தப் பிரிவுக்கு நானே பொறுப்பு. பழைய ரிகார்டு அறையில் ஒரு மூலையைத் தடுத்து, ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் அடித்துக் கொடுத்திருக்கலாம். நான் செய்யவில்லை. தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

இத்தனைக்கும் இது புதிய சலுகை இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 43-வது பிரிவு இதைத்தான் பேசியது. வேலை நேரத்தில் உடுத்தாத துணியை வைக்கவும், ஈரத்துணியை உலர்த்தவும் தொழிற்சாலையில் இடம் வேண்டும் என்று அரசு விதி செய்யலாம் என்றது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தொழிலாளர்கள் துப்பாக்கிக்குப் பலியான ஊர் நம்முடையது. அந்த ஊரில் ஓர் உலர் அறை கேட்பது பெரிய ஆசையா? என்ன உடுத்துவது என்பது மிதிக்கிறவர் பாடு. எங்கே மாற்றுவது என்பது வேலை கொடுக்கிறவர் பாடு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதைப் பற்றி மட்டும் எவ்வளவு பேசினாலும் காசு ரெயின்கோட் கடைக்குத்தான் போகும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த உடையும் உதவாது. ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாதபோது சைக்கிளைத் தொடாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.

அந்தப் பெண் முந்நூறு ரூபாய்க்கு மஞ்சள் கேப் ஒன்று வாங்கிவிட்டாள். ஓரத்தில் நாடா தைத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரி. மாற்றுவதற்கு இடம் கேட்டு, கூட வேலை செய்யும் நாலு பெண்களோடு சேர்ந்து சூப்பர்வைசரிடம் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். தனியாகப் போகாதே, சேர்ந்தே போ என்றேன். கிடைத்ததா என்பதை மழைக்காலம் முடிவதற்குள் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் கடையோ பட்டறையோ அலுவலகமோ நடத்துகிறவர்கள் இருந்தால், ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும். அவ்வளவுதான் கேட்கிறேன்.