நிறவெறியும் ஓய்வூதிய நிதியும்

தென்னாப்பிரிக்க விடுதலை வரலாற்றை எழுதுவோர் ராபன் தீவுச் சிறையையும், 1960-இல் ஷார்ப்வில்லில் சுட்டு வீழ்த்தப்பட்ட 69 உயிர்களையும், 1976-இல் சொவேட்டோ மாணவர் சிந்திய குருதியையும் மறவாது எழுதுவர். அது முறையே. ஆயினும் அவ்வரலாற்றில் அமெரிக்க நகரமன்றங்களிலும் கல்லூரி முற்றங்களிலும் எழுதப்பெற்ற ஓர் அதிகாரமும் உண்டு. அதனைப் பேசுவோர் நம்மிடையே அருகியே உள்ளமையால் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாடு 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. அஃது அரசு செய்தது. நாம் கூற வருவது, அரசு செய்ய மறுத்ததைக் குடிமக்கள் செய்த கதை.

ஆசிரியரும் அரசு ஊழியரும் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஓய்வுக்காலத்திற்கென ஒதுக்கும் தொகை பெட்டியில் உறங்குவதில்லை. நிதியை ஆள்வோர் அதனைப் பெருநிறுவனங்களின் பங்குகளில் இடுவர். அந்நிறுவனங்களுள் பல தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தின. நிறவெறி அரசுக்கு வரி செலுத்தின. வண்டிகளும் கணிப்பொறிகளும் விற்றன. நேர்மையாய் வாழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியையின் சேமிப்பு, அவரறியாமலே, கறுப்பின மக்களைப் பிணித்த கயிற்றில் ஓர் இழையாயிற்று.

இதனை முதலில் உணர்ந்தோர் எளியவர்களே. கறுப்பின மக்கள் சுமந்து திரிய வேண்டிய அனுமதிச் சீட்டுக்குப் படமெடுக்கத் தம் நிறுவனத்தின் கருவி பயன்படுவதைப் போலராய்டு ஊழியர்களான கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்சும் 1970-இல் கண்டனர், எதிர்த்தனர். ஹண்டர் வேலையை இழந்தார். நிறுவனமோ 1977-இல் அந்நாட்டைவிட்டு வெளியேறியது. அவ்வாண்டே ஹாம்ப்ஷயர் கல்லூரி தன் பங்குகளை விற்றது. மாசசூசெட்சில் தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, ஆளுநரின் மறுப்பையும் மீறி, மாநில ஓய்வூதிய நிதியை விலக்கும் சட்டம் 1983-இல் நிறைவேறியது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் 1985-இல் ஒரு கட்டடத்தின் வாயிலைச் சங்கிலியிட்டு மூன்று வாரம் அமர்ந்தனர். 1988-க்குள் 150-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் முழுமையாகவோ பகுதியாகவோ தம் முதலீட்டை விலக்கிக்கொண்டன.

எதிர்வாதங்கள் எழாமலில்லை. இலாபம் ஈட்டுவதே எம் கடமை, அரசியல் எமக்கெதற்கு என்றனர் நிதியை ஆள்வோர். வக்ஃபுச் சொத்துகளையும் அறக்கட்டளைகளையும் காத்துவரும் நம் பெரியோர் இவ்வாதத்தின் குறையை எளிதில் காண்பர். அமானிதமாய்க் கையிலிருக்கும் பொருளைப் பெருக்கினால் மட்டும் போதுமா? உடையவர் அறிந்தால் நாணக்கூடிய இடத்தில் அதனை வைக்கலாமா? உடையவரே வந்து கேட்டபின் மறுமொழி கூறாதிருக்க இயலாது.

புறக்கணிப்பால் கறுப்பினத் தொழிலாளரே பட்டினி கிடப்பர் என்பது மற்றொரு வாதம். இதற்கு மறுமொழி கூறும் உரிமை நமக்கில்லை, துன்புற்றோர்க்கே உண்டு. அவர்கள் கூறியும்விட்டனர். இடர்ப்பாடு வருமென்பதை ஒப்புக்கொண்டே, கொடுமையின் காலம் குறையுமாயின் அவ்விலையைத் தரத் தம் மக்கள் ஆயத்தம் என ஆல்பர்ட் லுத்துலி 1959-லேயே அறிவித்தார்.

இவ்வியக்கம் நிறவெறியைத் தனித்து வீழ்த்திற்று என்று கூறமாட்டோம். ஒருவர் விற்ற பங்கை இன்னொருவர் வாங்கினார். விலை பெரிதும் சரியவில்லை என்றே பின்னாளில் ஆய்ந்தோர் கண்டனர். ஜெனரல் மோட்டார்சும் ஐ.பி.எம்-மும் 1986-இல் வெளியேறுவதாக அறிவித்தன. அங்குள்ளோர்க்குத் தொழிலை விற்றுவிட்டு, அவர்கள் வழியே தம் பொருள் தொடர்ந்து விற்பனையாகும்படி பார்த்துக்கொண்டன. வணிகரின் சாமர்த்தியம் அத்தகையது! உண்மையில் அவ்வாட்சியை உலுக்கியது கடன் மறுப்பு. 1985-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகியகாலக் கடனைப் புதுப்பிக்க மறுத்தது. பிற வங்கிகளும் பின்தொடர, ரேண்ட் நாணயம் வீழ்ந்தது. மறு ஆண்டு அதிபர் ரீகனின் மறுப்பாணையைத் தள்ளிப் பொருளாதாரத் தடைச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நகரமன்றந்தோறும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டோர் இல்லையேல் அத்துணிவு அம்மன்றத்திற்கு வந்திராது என்பதே நம் துணிபு.

1993 செப்டம்பரில் மண்டேலா ஐக்கிய நாடுகள் அவையில் நின்று, தடைகளை நீக்கும் காலம் வந்தது என்றார். மாநிலங்களும் நகரங்களும் தாம் இயற்றிய விலக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாய் நீக்கலாயின. அடுத்த ஏப்ரலில் தென்னாப்பிரிக்கர் அனைவரும் வாக்களித்தனர்.