அம்மா வீட்டில் சும்மா இருக்கிறாளா?

வீட்டு வேலைக்குக் கணக்கு எழுதிய அறிஞர்களின் கதை

"உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்கிறார்.

"மில்லில் வேலை, சார்" என்கிறான் பையன்.

"அம்மா?"

"அம்மாவுக்கு வேலை இல்லை, சார். வீட்டிலே சும்மாதான் இருக்கிறாங்க."

பையன் காலையில் தின்று வந்த இட்லிக்கு மாவு அரைத்தது யார்? அவன் போட்டிருக்கும் சட்டையைத் துவைத்தது யார்? பாட்டிக்கு மருந்து கொடுத்து, தம்பியைக் குளிப்பாட்டி, குழாயடியில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வந்தது யார்? அந்த "சும்மா இருக்கிற" அம்மாதான்!

இந்தச் "சும்மா" என்ற சொல்லைப் பல நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களில் பொருளாதார நிபுணர்கள் உண்டு. சரித்திரப் பேராசிரியைகள் உண்டு. சமூகத்தை ஆராய்பவர்களும் சட்டம் படித்தவர்களும் உண்டு. இப்படிப் பல துறையினரும் சேர்ந்து வளர்த்த படிப்புக்கு "மகளிரியல்" என்று பெயர். அமெரிக்காவில் சான் டியாகோ ஸ்டேட் கல்லூரியில் 1970-ல் இதற்குத் தனிப் பாடத்திட்டம் வந்தது. பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் 1974-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது.

"இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். தாய் தந்தையை இழந்த இரண்டு பெண் குழந்தைகளின் வழக்கில் இது சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ப் பேசியது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

சமையல்காரியை மணந்தால் நஷ்டமா?

இங்கிலாந்தில் பிகு என்ற பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். 1920-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அவர் ஒரு வேடிக்கையைச் சுட்டிக் காட்டினார்.

ஒருவர் தம் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அதுவரை அவள் சமைத்ததற்குச் சம்பளம் கொடுத்தார். அந்தச் சம்பளம் நாட்டின் வருமானக் கணக்கில் சேர்ந்தது. தாலி ஏறிய மறுநாள் முதல் சம்பளம் கிடையாது. அதே அடுப்பு, அதே கை, அதே சாப்பாடு. ஆனால் நாட்டின் வருமானம் குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்கிறது!

சாப்பாடு குறையவில்லை, வருமானம் மட்டும் எப்படிக் குறைந்தது? கணக்கில்தான் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அறிஞர்கள் யோசித்தார்கள்.

அமெரிக்காவில் மார்கரெட் ரீட் என்ற அம்மையார் 1934-ல் இதற்கு ஒரு சோதனை சொன்னார். எது வேலை, எது சொந்தக் காரியம் என்று பிரிப்பது எப்படி? அந்தக் காரியத்தைக் கூலி கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்ய முடியுமா என்று பார். முடியுமானால் அது வேலை. சோறு ஆக்க ஆள் வைக்கலாம். துணி துவைக்க ஆள் வைக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வைக்கலாம். ஆகவே இவை எல்லாம் வேலை. உனக்குப் பதிலாக இன்னொருவரைச் சாப்பிடச் சொல்ல முடியாது. தூங்கச் சொல்லவும் முடியாது. ஆகவே அவை வேலை அல்ல.

படிக்காதவர்களுக்கும் விளங்குகிற சோதனை இது. இன்றைக்கும் அறிஞர்கள் இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

வாரத்துக்கு 77 மணி நேரம்

லண்டனில் ஆன் ஓக்லி என்ற சமூக ஆராய்ச்சியாளர், குழந்தை குட்டியுடன் இருந்த 40 குடும்பப் பெண்களைச் சந்தித்தார். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினார். 1974-ல் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்தது.

அந்தப் பெண்கள் சராசரியாக வாரத்துக்கு 77 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள்! தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம்.

"இப்போதுதான் மிக்ஸி வந்துவிட்டதே, வாஷிங் மெஷின் வந்துவிட்டதே, இன்னும் என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு சரித்திர ஆசிரியை பதில் தேடினார். ரூத் கோவன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் பழைய காலத்து வீடுகளையும் புதிய காலத்து வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

முன்பு அப்பா விறகு பிளந்தார், பிள்ளைகள் சுமந்தார்கள், துணியை வெளுக்க ஆள் இருந்தது. புதிய அடுப்பு வந்ததும் விறகு பிளக்கும் வேலை போயிற்று. அது அப்பாவுக்குக் கிடைத்த ஓய்வு. துவைக்கிற மெஷின் வந்ததும் வெளுக்கிற ஆள் போனார். வாரம் ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்ற ஆரம்பித்தார்கள். அம்மாவின் உடல் உழைப்பு குறைந்தது உண்மை. நேரம் எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. மற்றவர்கள் செய்த வேலையும் அவள் தலையில் வந்து சேர்ந்தது.

பெரிய கணக்குப் புத்தகம்

நியூசிலாந்தில் மரிலின் வாரிங் என்ற பெண் 1975-ல் தமது 23-வது வயதில் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். அரசாங்கச் செலவைச் சரி பார்க்கும் கமிட்டிக்குத் தலைமை தாங்கினார். நாட்டின் வருமானத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று துருவிப் பார்த்தார். அதற்கான விதிகள் ஐக்கிய நாடுகள் சபை வகுத்தவை. பெரும்பாலான நாடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன.

கடலில் எண்ணெய்க் கப்பல் உடைந்து கரையெல்லாம் நாசமானால், அதைச் சுத்தம் செய்யும் செலவு நாட்டின் வருமானத்தில் சேர்கிறது. தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அதற்குச் சைபர்! இந்த அநியாயத்தை அவர் 1988-ல் புத்தகமாக எழுதினார்.

1993-ல் விதிகள் திருத்தப்பட்டன. வீட்டுக்காகத் தண்ணீர் சுமப்பதும், விறகு பொறுக்குவதும் கணக்கில் சேரலாம் என்றார்கள். ஆனால் சமைப்பதும், பெருக்குவதும், பிள்ளை வளர்ப்பதும் வெளியிலேயே நின்றன. குடத்தைத் தூக்கி வந்தால் வேலை; அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் வேலை அல்ல! பாதிக் கதவுதான் திறந்தது.

பழைய ஏடுகளைப் புரட்டியவர் ஹார்வர்டு பேராசிரியை கிளாடியா கோல்டின். அமெரிக்காவின் 200 ஆண்டுக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். வயலிலும் குடும்பத் தொழிலிலும் கணவனுடன் சேர்ந்து உழைத்த பெண்ணுக்கு, தொழில் என்ற இடத்தில் "மனைவி" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். அவள் உழைப்பு ஏட்டிலேயே மறைந்துவிட்டது. இவற்றைத் தோண்டி எடுத்த கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை யாருடனும் பங்கிடாமல் தனியாகப் பெற்ற முதல் பெண் அவரே.

நம் நாட்டுக் கணக்கு

இந்தியாவில் இந்த வேலையை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர் மைசூரில் பிறந்த தேவகி ஜெயின். 1970-களில் அவருடைய குழுவினர் ராஜஸ்தான், மேற்கு வங்காளக் கிராமங்களில் நாள் முழுவதும் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக் குறித்தார்கள். "வேலை இல்லை" என்று சர்க்கார் ஏட்டில் இருந்த பெண்கள் பலர் மாடு மேய்ப்பதும், களை எடுப்பதுமாக இருந்தார்கள்.

பிறகு 1998-99-ல் மத்திய அரசு ஆறு மாநிலங்களில் சோதனைக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. 2019-ல் நாடு முழுவதும் எடுத்தார்கள். அதன்படி நூறு பெண்களில் 81 பேர் தினமும் சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26 பேரே செய்தார்கள். அப்படிச் செய்த பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் உழைத்தாள். ஆண் 97 நிமிடம்.

2024-ல் மறுபடியும் கணக்கு எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம். ஐந்து ஆண்டில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். ஆணுக்குக் குறைந்தது ஒன்பது நிமிடம்!

கோர்ட்டில் பேசிய கணக்கு

2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் குடும்பப் பெண்களை எந்த வரிசையில் சேர்த்திருந்தார்கள் தெரியுமா? "உழைக்காதவர்" என்ற பிரிவில், பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும்! 2010-ல் ஒரு விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி கங்குலி இதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார்.

அதற்கு முந்திய வருஷம், 2009-ல், நம் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒரு தீர்ப்பு எழுதினார். தாயை இழந்த குழந்தையின் வழக்கு அது. வீட்டு வேலையை மதிப்பிட என்னென்ன வழிகள் உண்டு என்று அவர் விளக்கினார். அவற்றில் ஒன்று, அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பது. ரீட் அம்மையார் 75 ஆண்டுக்கு முன் சொன்ன அதே எண்ணம்தான்!

இப்போது அந்தக் குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

2014 ஏப்ரலில் டெல்லியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் தம்பதியர் மீது கார் மோதியது. இருவரும் இறந்தார்கள். வீட்டில் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் வயதான தாத்தா பாட்டியும் நின்றார்கள். தந்தை சம்பாதித்தவர், தாய் வீட்டைப் பார்த்துக்கொண்டவர். டெல்லி ஐகோர்ட்டு இருவருக்கும் சேர்த்து 22 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. 2021 ஜனவரி 5-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை 33 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது.

உயர்ந்த தொகை முழுவதும் தாயின் வேலைக்காக அல்ல. பெற்றோர் இருவருக்கும் எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்பதும் அதில் சேர்ந்தது. ஆனால் சம்பளம் வாங்காத தாய்க்கும் அப்படி வருமானம் வைத்துக் கணக்கிட வேண்டும் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. நீதிபதி ரமணா தமது தீர்ப்பில் அந்த 299 நிமிடத்தையும் 97 நிமிடத்தையும் எடுத்துக் காட்டினார். வீடு வீடாகப் போய் எழுதிய கணக்கு, இரண்டு பெண் குழந்தைகளுக்காகச் சாட்சி சொன்னது!

பாசத்துக்கு விலையா?

இந்த ஆராய்ச்சியை எல்லோரும் வரவேற்கவில்லை. ஹங்கேரி நாட்டு அரசாங்கம் 2018-ல் பாலினவியல் பட்டப் படிப்புக்குக் கொடுத்த அங்கீகாரத்தையே ரத்து செய்தது. நம் ஊரிலும், "தாய் செய்வது பாசத்தால். அதற்கு விலை பேசலாமா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்விதான். பாசத்துக்கு விலை இல்லை. அதை யாரும் அளக்கவும் இல்லை. அளந்தது உழைப்பை. டாக்டர் அன்போடு வைத்தியம் பார்க்கிறார். அதற்காகச் சம்பளம் வேண்டாம் என்றா சொல்கிறோம்?

கணக்கில் வராத வேலைக்குச் சர்க்கார் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை. தண்ணீர் சுமக்கும் நேரத்துக்கு மதிப்பு இல்லையென்றால், வீட்டுக்கு வீடு குழாய் போட என்ன அவசரம்? பிள்ளை பார்க்கும் நேரம் சைபர் என்றால், குழந்தைக் காப்பகம் எதற்கு? உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் தினமும் 1,640 கோடி மணி நேரம் சம்பளம் இல்லாமல் இந்த வேலை நடக்கிறது. நான்கில் மூன்று பங்கு பெண்கள் செய்வது.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு "உதவி" என்று பெயர் வைக்கவில்லை. "உரிமைத் தொகை" என்றார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் பெற்றார்கள். அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி எழுப்பிய எண்ணம் இருக்கிறது. ஆனால் ஆயிரம் ரூபாய் அரிசி வாங்கும்; அம்மாவின் 289 நிமிடத்தில் ஒரு நிமிடத்தையும் குறைக்காது.

அதைக் குறைப்பது வீட்டில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க அண்ணனுக்கு முடியும். கடைக்குப் போய் வர, குழந்தையைத் தூங்க வைக்க அப்பாவுக்கு முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தை எடுத்து, வீட்டில் யார் எத்தனை நிமிடம் வேலை செய்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். அந்த நேரமாவது அவள் உட்காரட்டும்!

மக்கள் தொகைக் கணக்கு எடுப்பவர் அடுத்த முறை வாசலில் வந்து நின்று, "அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால், "சும்மா இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.