எந்த பைட் முதலில்?

ஆண்டு மலரில் எல்லாரும் கவிதை எழுதுறாங்க. எனக்குக் கவிதை வராது. லேபில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

நானும் நண்பனும் ‘சி’ மொழியில் செய்தி அனுப்பும் புரோகிராம் எழுதினோம். முதலில் செய்தியின் நீளம் போகும், பிறகு செய்தி. இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே பிரமாதமாக ஓடியது. முழு மார்க்! அப்புறம் ஒரு ஆசையில், வாங்கும் பக்கத்தை மட்டும் ஜாவாவில் எழுதிப் பார்த்தோம். நாங்கள் அனுப்பிய 5, அங்கே 8,38,86,080 ஆகி நின்றது!

காரணம் இதுதான். அந்த 5 நாலு பைட்டாகப் போகிறது. இன்டெல் கம்ப்யூட்டர் சின்ன மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும். ஜாவாவின் டேட்டாஇன்புட்ஸ்ட்ரீம் பெரிய மதிப்பை முதலில் எதிர்பார்க்கும். பன்னிரண்டை இருபத்தொன்று என்று படித்த கதைதான். 1980-இல் டேனி கோஹன் இந்தச் சண்டைக்கு, முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று கலிவர் கதையில் (1726) நடக்கும் போரிலிருந்து பெயர் எடுத்தார்: பிக் எண்டியன், லிட்டில் எண்டியன். இன்டர்நெட்டின் பொது விதி, பெரியது முதலில். அனுப்புமுன் ஹெச்.டி.ஓ.என்.எல்., வாங்கியதும் என்.டி.ஓ.ஹெச்.எல். போட வேண்டும். நாங்கள் இரண்டையும் விட்டிருந்தோம். ரெண்டு பக்கமும் ஒரே தப்பு. அதனால் தப்பே தெரியவில்லை!

கொல்லிமலையில் எங்கள் வீட்டில் சாமையைப் படியால் அளப்போம். சந்தையில் கிலோ. எங்கப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனாலும் படியைக் கிலோவாக்கித்தான் விலை பேசுவார். அதற்காக வீட்டுப் படியை யாரும் தூக்கிப் போடவில்லை.

“இப்ப எல்லாம் ஒரே மாதிரி மெஷின்தானே?” என்பீர்கள். ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்கள் இன்றும் பெரியதை முதலில் வைப்பவை. நம் தமிழும் தப்பாது. யு.டி.எஃப்-16 முறையில் பைட்டுகள் இடம் மாறினால் ‘மலை’ என்பது மூன்று கொரிய எழுத்தாகிவிடும்!

என் கருத்து இது. அவுட்புட் வந்தால் மார்க் என்பது போதாது. நெட்வொர்க் பிராக்டிகலில் ஒரு பக்கம் சி, மறுபக்கம் ஜாவா என்று வையுங்கள். பைசா செலவில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். தப்பான புரோகிராமுக்கு முழு மார்க் வாங்கிப் போனால், “இது தப்புடா” என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. லேப்தான் சொல்லணும்.

— கணினித் துறை இறுதியாண்டு மாணவன்