ரசிகன் தப்பைப் பொறுப்பான். மறைப்பைப் பொறுக்க மாட்டான்!

இங்கிலாந்து மக்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். மழையானாலும் சரி, பனியானாலும் சரி, ஆட்ட நாள் வந்தால் அப்பனும் மகனும் தங்கள் கோஷ்டியின் நிறத்தில் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

அந்த ரசிகன் நடுவரைத் திட்டுகிறான். ஏன்? நடுவர் தப்புச் செய்கிறார் என்பதற்காகவா?

அது மட்டும் அல்ல. என்ன நடக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. அதுதான் பெரிய கோபம்.

கோட்டைத் தாண்டியதா?

நடுவர் தீர்ப்பைப் பற்றிய சண்டை நேற்று வந்தது அல்ல.

1966-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2 என்று சமமாக நின்றன. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து வீரர் ஜெப் ஹர்ஸ்ட் உதைத்த பந்து, மேல் கட்டையில் பட்டுக் கீழே விழுந்து, வெளியே துள்ளியது.

பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா? கோட்டு நடுவர் டோபிக் பக்ரமோவ், கோல்தான் என்று சொல்லிவிட்டார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

2010-ல் கதை மாறியது. தென் ஆப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக பிராங்க் லாம்பார்ட் உதைத்த பந்து கோட்டை நன்றாகவே தாண்டியது. டெலிவிஷன் பார்த்தவர்கள் எல்லோரும் அதைக் கண்டார்கள். நடுவர் மட்டும் காணவில்லை! இங்கிலாந்து 1-4 என்று தோற்றது.

அதன் பிறகு கருவி வந்தது. இங்கிலாந்தின் முதல்தரப் போட்டி பிரிமியர் லீக். 20 கோஷ்டிகள் ஆடும் அந்தப் போட்டியில் 2013-ல் கோல் கோட்டுக் கருவி வைத்தார்கள். பந்து கோட்டைத் தாண்டினால், ஒரே நொடியில் நடுவரின் கைக்கடிகாரத்துக்குத் தகவல் வந்துவிடும்.

இந்தக் கருவியை எதிர்த்து ரசிகர்கள் கொடி பிடிக்கவில்லை. பதில் உடனே தெரிகிறது. சண்டைக்கு வேலை இல்லை.

வீடியோ நடுவர் வந்தார்

2019-ல் வீடியோ நடுவர் வந்தார். இவர் மைதானத்தில் இருப்பதில்லை. தூரத்தில் ஓர் அறையில் அமர்ந்து, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மைதானத்து நடுவரின் காதில் சொல்லுவார்.

இனித் தப்பே நடக்காது என்று பலர் நினைத்தார்கள். நடந்தது என்ன?

2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி டாட்டன்ஹாம் கோஷ்டியும் லிவர்பூல் கோஷ்டியும் மோதின. லிவர்பூல் வீரர் லூயிஸ் டயஸ் கோல் போட்டார். கோட்டு நடுவரோ "ஆப்சைடு" என்று கொடியைத் தூக்கினார். அதாவது, பந்து வரும் முன்பே வீரர் விதியை மீறி முன்னால் போய் நின்றார் என்று பொருள்.

வீடியோ நடுவர் படத்தைப் பார்த்தார். வீரர் மேல் தப்பு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டார்! "பார்த்தாகிவிட்டது, சரிதான்" என்ற பொருளில் சொல்லிவிட்டார். மைதானத்து நடுவர், கோல் இல்லை என்பதுதான் சரி போலும் என்று ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

சில நொடிகளில் தப்புத் தெரிந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் திரும்பிப் போக விதி இல்லை. லிவர்பூல் 1-2 என்று தோற்றது.

நடுவர் சங்கம் அன்றே தப்பை ஒப்புக்கொண்டது. மூன்று நாள் கழித்து, நடுவர்கள் பேசிய பேச்சின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் ரசிகனுக்கு விஷயம் விளங்கியது. இது சதி அல்ல, அவசரத்தில் வந்த குழப்பம்!

அந்தப் பேச்சை அன்றைக்கே மைதானத்தில் கேட்டிருந்தால், சந்தேகம் மூன்று நாள் வளர்ந்திருக்காது.

காசு கொடுத்தவனுக்குத் தெரியாது

வீட்டில் டெலிவிஷன் பார்ப்பவனுக்குப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். வர்ணனையாளர் விளக்கம் சொல்லுகிறார். காசு கொடுத்து, குளிரில் உட்கார்ந்திருப்பவனோ நடுவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். கோல் விழுந்ததும் துள்ளிக் குதிக்கலாமா, பொறுத்திருக்கலாமா என்று கூட அவனுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோபம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. நார்வே நாட்டில் 2024 ஜூலையில், வீடியோ நடுவர் வேண்டாம் என்று ரசிகர்கள் மீன் வடைகளை மைதானத்துக்குள் வீசினார்கள். ஆட்டத்தையே கைவிட வேண்டி வந்தது.

அதற்கு முந்திய மாதம், வீடியோ நடுவரை ஒழிக்க வேண்டும் என்று உல்வ்ஸ் கோஷ்டி பிரிமியர் லீகில் தீர்மானம் கொண்டுவந்தது. 19 கோஷ்டிகள் எதிர்த்தன. தீர்மானம் தோற்றது.

ஒழிக்க வேண்டியது வீடியோவை அல்ல. இருட்டை!

வாய் திறந்தார் நடுவர்

2025-26 ஆட்டப் பருவத்தில் பிரிமியர் லீகில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நடுவர் தானே திரையில் படத்தைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றினால், அதை ஒலிபெருக்கியில் ரசிகர்களுக்குச் சொல்லும் வழக்கம் வந்தது.

இது பாதிக் கிணறு. தீர்ப்பு காதில் விழுகிறது. தீர்ப்புக்கு முன் நடுவர்கள் பேசிக்கொள்வது விழவில்லை. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே மூன்றாவது நடுவர் என்ன பார்க்கிறார், என்ன சொல்கிறார் என்பதை டெலிவிஷனில் எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் கிரிக்கெட் கெட்டுப்போகவில்லை.

எல்லோரும் கேட்டால் நடுவர் பயந்துபோவார் என்று சிலர் சொல்லுகிறார்கள். அது சரியல்ல. காரணம் தெரியாத தீர்ப்புக்குத்தான் வசவு அதிகம். காரணம் சொன்னால், பிடிக்காதவன் கூட முணுமுணுத்துவிட்டு அடங்குவான்.

ரசிகனுக்கும் ஒரு கடமை உண்டு. யானைக்கும் அடி சறுக்கும். நடுவரும் மனிதர், அவருக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி ஏசினால், பிள்ளை கற்றுக்கொள்வது கால்பந்து அல்ல.

நடுவர்களின் பேச்சை ரசிகர்கள் கேட்கும்படி விதியைத் திருத்த வேண்டும். கால்பந்து விதிகளை வகுப்பவர்கள் அதை இப்போதே செய்யட்டும்!