பதினோராம் வகுப்பின் கதி

பதினோராம் வகுப்புக்கு இனிச் சர்க்கார் பொதுப் பரீட்சை கிடையாது. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி வெளியான தமிழ்நாட்டு மாநிலக் கல்விக் கொள்கை இவ்விதம் விதித்தது. 2025–26-ம் கல்வி ஆண்டிலேயே அது அமலுக்கும் வந்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் விடாமல் பொதுப் பரீட்சை எழுதும்படி பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை வாட்டுவது தகாது என்று கருதியவர்கள் பலர். நாமும் அக்கருத்துக்கு விரோதியல்ல. ஆயினும் இவ்வுத்தரவைப் படித்தபோது நமக்கு நிம்மதி உண்டாகவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்த நேயர்களுக்கு நாம் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் முகமும் மார்க்கும் அச்சிட்ட துணிப்பலகைகள் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகின்றன. முதல் இடம், இரண்டாம் இடம் என்று பட்டியல் வெளியிடும் வழக்கத்தைச் சர்க்கார் 2017-லேயே நிறுத்திவிட்டது, பலகைக்காரர்கள் நிறுத்தவில்லை. அந்தப் பலகைகளின் கீழே நின்றுகொண்டு, மறைமலைநகர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பன், தன் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று விசாரிக்கிறான். அவனுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: "முதல் குரூப்பில் போடுங்கள், முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவோம்."

இந்தப் பதிலின் பிற்பாதியை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதல் வருஷமே இரண்டாம் வருஷப் பாடம் என்றால் முதல் வருஷப் பாடம் எங்கே போயிற்று? அது நடத்தப்படுவதே இல்லை. பதினோராம் வகுப்புப் புத்தகம் விலைக்கு வாங்கப்படுகிறது, பெயர் எழுதப்படுகிறது, உறை போடப்படுகிறது. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்து, மார்க்கு வாங்கச் செய்து, அடுத்த வருஷத்துப் பலகைக்கு முகம் சேகரிக்கும் முறை இது. எல்லாத் தனியார் பள்ளிகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாக நடத்துபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் அந்த நேர்மைக்காகப் பலகைப் போட்டியில் தோற்கிறார்கள்.

இந்த மோசடியை ஒழிப்பதற்காகத்தான் 2017 மே மாதத்தில், ஸ்ரீ செங்கோட்டையன் கல்வி மந்திரியாயிருந்தபோது, பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை ஏற்பட்டது. வருஷத்துக்கு 600 மார்க்கு, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 1200 என்று கணக்கு. முதல் பரீட்சை 2018 மார்ச்சில் நடந்தது. இன்ஜினீயரிங் கலாசாலைகளில் முதல் வருஷத்துக் கணிதத்தில் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகத் தவறுவதற்குப் பதினோராம் வகுப்பைத் தாண்டிக் குதித்து வந்ததே காரணம் என்று ஆசிரியர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். அதே 2017-ல் 'நீட்' பரீட்சையும் நம் தலைமேல் வந்து இறங்கியது. அதன் கேள்விகளோ இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருபவை. இரத்த ஓட்டம் பதினோராம் வகுப்பு விலங்கியலில் இருக்கிறது. இயக்க விதிகள் பதினோராம் வகுப்பு பௌதிகத்தில் இருக்கின்றன. இரத்த ஓட்டத்தைப் படிக்காமலே வைத்தியனாக விரும்பும் பிள்ளையை உற்பத்தி செய்த பெருமை நமது முறைக்கு உண்டு.

ஆனால் அந்தச் சீர்திருத்தம் ஒரு வருஷத்திலேயே பாதி உயிரை இழந்தது. மேற்படிப்புச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு மட்டுமே போதும் என்று 2018-ல் முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து பதினோராம் வகுப்புப் பரீட்சை ஒரு சாட்சியாக மட்டும் நின்றது. தீர்ப்பில் அதற்குப் பங்கில்லை. எனினும் பாடம் நடந்ததா இல்லையா என்பதற்குக் கூண்டிலேறிச் சொல்ல ஒரு சாட்சி இருந்தது. 2021-ல் கொள்ளை நோயினால் பிளஸ் டூ பரீட்சை ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பதினோராம் வகுப்புக்கு 20 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்கும் உள்மதிப்பீட்டுக்கும் 30 சதவீதம் என்று பிரித்து மார்க்கு போட்டார்கள். அந்த 20 சதவீதத்துக்கு அன்று ஆதாரமாயிருந்தது இந்தச் சாட்சிதான். இப்போது சாட்சியையும் கூண்டிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வழக்கோ முடியவில்லை.

பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்தது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதே. ஆனால் பாரம் யாருக்குக் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நந்திவரத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பெண் பதினோராம் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பாடத்தையே படிக்கிறாள்; பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை அவள் திறப்பது அடுத்த வருஷம். மேற்சொன்ன வகைப் பள்ளியில் படிப்பவனோ அதே புத்தகத்தை இரண்டு வருஷம் புரட்டியிருக்கிறான். இருவரும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். பிறகு கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கணக்கிட்டு, அரை மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் இன்ஜினீயரிங் இடங்களைப் பங்கிடுகிறோம். இது சமமான ஓட்டப் பந்தயம் அன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 2020-லும், இன்ஜினீயரிங் முதலியவற்றில் 2021-லும் 7.5 சதவீத ஒதுக்கீடு அளித்தது நியாயமான காரியம். அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் காயத்துக்கு மருந்து போடுகிறவன், வெட்டுகிற கையையும் பிடிக்க வேண்டாமா?

பதினோராம் வகுப்பை வெறும் பாடச் சுமையாக மதிப்பதே முதற் பிழை. பிள்ளை தன் வழியைத் தெரிந்துகொள்ளும் வருஷம் அது. நமது நாட்டில் இந்த இடைப்பட்ட வருஷங்கள் எப்போதுமே நிலைகொள்ளாமல் தவித்து வந்திருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ரிகுலேஷனுக்குப் பின் எப்.ஏ. என்று இரண்டு வருஷம். அதுவே பின்னால் இன்டர்மீடியட் ஆயிற்று. அப்புறம் ஒரே வருஷமாகக் குறுகிப் பி.யு.சி. ஆயிற்று, 1978-ல் கலாசாலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் பிளஸ் டூ ஆயிற்று. ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கும்பகோணத்தில் உபகாரச் சம்பளத்தை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கலாசாலைக்கு வந்து, அங்கும் எப்.ஏ.வில் தவறியவர். கணிதத்தில் இணையற்றவர்; மற்றப் பாடங்கள் அவரை வீழ்த்தின. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கும் முறை அன்றே அவ்வளவு பெரிய மனிதரை வெளியே தள்ளியதென்றால், இன்று எத்தனை பேரைத் தள்ளுகிறதோ, யார் கணக்கெடுத்தார்கள்?

அந்தத் தொழிற்சாலைத் தகப்பனிடம் யாரும் சொல்லாத வழிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமா படித்தவன், இன்ஜினீயரிங் பட்டப் படிப்பில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இன்னும் மூன்று வருஷம் படித்தால் பட்டம். ஆக மொத்தம் ஆறு வருஷம். பிளஸ் டூவில் இரண்டு, கலாசாலையில் நான்கு என்று போகிறவனுக்கும் அதே ஆறு வருஷந்தான்! நடுவில் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்து படிப்பை நிறுத்த நேர்ந்தால், டிப்ளமாக்காரன் கையில் ஒரு தொழில் இருக்கும். மற்றவன் கையில் மார்க்கு ஷீட்டு இருக்கும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பயின்றவனும் டிப்ளமாவின் இரண்டாம் வருஷத்தில் சேர இடமுண்டு. மேனிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. ஆனால் அதை மார்க்கு குறைந்தவர்களைத் தள்ளிவிடும் மூலையாக்கிவிட்டோம். தொழில் படித்தாலும் வேலைக்கு நிச்சயம் உண்டா என்று கேட்டால், இல்லைதான். மறைமலைநகர் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை 2021-ல் மூடப்போவதாக அறிவித்து மறு வருஷம் உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் அறிவார்கள். ஆனால் அன்று பட்டதாரியும் அதே வாசலில்தான் நின்றான்.

கடற்கரைப் பக்கம் போனால் மாமல்லபுரத்தில், 1957-ல் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அரசுக் கட்டடக் கலை, சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. கல்லிலும் சுதையிலும் மரத்திலும் உலோகத்திலும் சிற்பம் செய்யவும், கோயிற் கட்டட மரபின்படி கட்டவும் அங்கே பட்டப் படிப்பாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். பல்லவர் காலத்துக் கோயிலைக் காணத் தேசந்தேசமாக மனிதர்கள் வரும் ஊரில், அந்த வித்தையைக் கற்பிக்கும் கலாசாலை இருப்பதைக் கூடுவாஞ்சேரியில் எத்தனை பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றன? ஒரு நாள் பஸ்ஸில் அழைத்துப் போய்க் காட்டினால் போதும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பதினோராம் வகுப்பிலேயே ஓட்டுகிற பள்ளிக்கு அந்த ஒரு நாள் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், வேறு விஷயம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 2006-ம் வருஷத்துச் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்பு வரையில்தான் கட்டாயமாக்கியது. பதினோராம் வகுப்பில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு முதலிய மொழிகளை எடுக்க அனுமதி உண்டு. பிரெஞ்சு இலக்கியத்தில் மோகம் கொண்டா நம் பிள்ளைகள் அதை எடுக்கிறார்கள்? மார்க்கு சுலபமாக வரும் என்பதற்காக எடுக்கிறார்கள். தனித்தமிழுக்காகவே வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய நகருக்குப் பக்கத்தில் இது நடக்கிறது. தமிழ்த் தகுதித் தாளில் தேறாமல் மாநில சர்க்கார் உத்தியோகப் பரீட்சையில் மேலே போக முடியாது என்ற விதி வந்த பிறகு, இந்தப் பிள்ளைகளில் சிலர் இருபத்திரண்டாம் வயதில் தமிழ் இலக்கணத்துக்கு டியூஷன் தேடுவார்கள். தகப்பன்மார்கள் இன்னொரு தடவை பணம் கட்டுவார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பழைய பொதுப் பரீட்சையைத் திரும்பக் கொண்டுவரும்படி நாம் கேட்கவில்லை. தேர்ச்சி, தோல்வி என்ற பயமில்லாமல் ஒரு வருஷ முடிவுப் பரீட்சை போதும். கேள்வித்தாளைச் சர்க்கார் தயாரிக்கட்டும். விடைத்தாளை அதே தாலுக்காவிலுள்ள வேறொரு பள்ளியின் ஆசிரியர்கள் திருத்தட்டும். மார்க்கு பெற்றோருக்கும் ஜில்லாக் கல்வி அதிகாரிக்கும் மட்டும் போகட்டும்; பலகைக்குப் போக வேண்டாம். ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூறும் பதினோராம் வகுப்பில் முப்பதுமாகச் சராசரி இருந்தால், அங்கே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. அப்படிப்பட்ட பள்ளியை வழிக்குக் கொண்டுவரச் சட்டமும் இருக்கிறது. 2018-ம் வருஷத்துத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வரும்போது பதினோராம் வகுப்புச் செய்முறை நோட்டுகளை மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் அகலத்தையும் தீயணைப்புச் சான்றிதழையும் பார்க்கிற அதிகாரி, பாடம் நடந்ததா என்பதையும் பார்ப்பதில் என்ன கஷ்டம்? மத்திய போர்டுப் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பரீட்சை பள்ளிக்குள்ளேயே முடிகிற விஷயந்தான். அங்கே 'ஜே.இ.இ.', 'நீட்' என்ற பெயரால் வேறு வகைத் தாண்டல் நடக்கக் கூடும். அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு டில்லியைச் சேர்ந்தது.

சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. நமது நேயர்களில் பலர் தத்தம் ஊரில் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். ஒவ்வொருவரும் தம் தெருவில் பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, இந்த மாதம் பௌதிகத்தில் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்கட்டும். பையன் மின்னோட்டவியல் என்று சொன்னால், அது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அவனுடைய தகப்பனையும் இன்னும் நாலு தகப்பன்மார்களையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் கால அட்டவணையைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். தனியாகப் போகிற தகப்பனுக்குப் பிள்ளையின் டி.சி.யைப் பற்றிய பயம் இருக்கும். ஐந்து பேராகப் போனால் அது குறையும். அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில் வருகிறது. அதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.