காட்டுப் பாதை யாருக்கு?

ஆடி அமாவாசை வந்தால் வெடிக்கு மருந்து செலுத்துகிற சிவகாசித் தொழிலாளியும், ராஜபாளையம் ஆலைத் தொழிலாளியும், வத்திராயிருப்பில் நாற்று நடுகிற கூலிப் பெண்ணும் தாணிப்பாறைக்குப் புறப்படுகிறார்கள். அங்கிருந்து சதுரகிரிக்குக் கால்நடைதான். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று பாறையும் ஓடையும் தாண்டி ஏற வேண்டும். 2015 மே மாதம் திடீரென்று ஓடையில் வெள்ளம் புரண்டு பக்தர்கள் பலியானார்கள். அந்த மலையடிவாரத்திலேயே அத்திகோயில், ஜெயந்தி நகர், செண்பகத்தோப்பு ஆகிய இடங்களில் பளியர் மக்கள் வாழ்கிறார்கள். நமக்கு வருஷத்தில் ஒரு நாள் பயணம். அவர்களுக்கு அதுவே அன்றாட வாழ்க்கை.

1988-ல் இந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. நல்லது. காடு வேண்டாம் என்று எந்த உழைப்பாளியும் சொல்லவில்லை. பிளவக்கல் அணைக்குத் தண்ணீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது. காடு அழிந்தால் முதலில் காய்வது கூலிக்காரன் வயிறுதான்.

ஆனால், உள்ள பாதையைச் செப்பனிடுவது காட்டை அழிப்பதாகுமா? மலைப்பாதையைக் கெடுப்பது மழைத் தண்ணீர். ஓரக் கால்வாயில் சருகும் கல்லும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாதை மேலே ஓடி அதை அறுத்துவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய பாலத்தின் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்தால் வேர் கல்லைப் பிளக்கும். ஐப்பசி மழைக்கு முன் மண்வெட்டியும் கடப்பாரையும் செய்து முடிக்கிற வேலையைத் தள்ளிப் போட்டால், பிறகு அது கோடிக்கணக்கில் காண்ட்ராக்ட் ஆகிவிடும்!

முதுமலை தேசியப் பூங்காவில் தெப்பக்காட்டுப் பாலம் வெள்ளைக்காரன் காலத்தது. அது தளர்ந்ததும் இடித்துவிட்டுப் புதுப் பாலம் கட்டினார்கள். மசினகுடி ஜனங்களுக்கும் அது தேவை, மறுக்கவில்லை. சுற்றுலாக் கார் போகும் வழியென்றால் காட்டுக்குள்ளும் அனுமதி கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. ஏழை நடக்கும் வழிக்கு? 2023 மே மாதம் வேலூர் ஜில்லா அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல நல்ல சாலை இல்லை. குழந்தை செத்தது. ஆம்புலன்ஸும் பாதி வழியில் இறக்கிவிட, பிணத்தைத் தாயே சுமந்து நடந்தாள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் சாலையைப் பற்றிப் பேசியது!

சட்டத்தில் இடமில்லையா? இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி, கிராம சபை சிபாரிசு செய்தால் சாலைக்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் இச்சட்டம் செல்லும். இது ஏட்டில் உறங்குகிறது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, காப்பகத் திட்டத்தில் சேர்த்த சுற்றுலா வசதிகளுக்கும் விலக்கு அளித்துவிட்டார்கள். யாருக்காகச் சட்டம் விழித்திருக்கிறது, பார்த்தீர்களா?

முதலாளித்துவ அமெரிக்காவே 1933 முதல் 1942 வரை வேலையில்லாத சுமார் 30 லட்சம் இளைஞர்களை அமர்த்தி, பூங்காக்களில் பாதையும் கற்பாலமும் போட்டது. பிற்பாடு பராமரிப்பைக் கைவிட்டதால், பாக்கி வேலைகளை முடிக்க ஐந்து வருஷங்களுக்கு ஆண்டுதோறும் 190 கோடி டாலர் வரை ஒதுக்க 2020-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. பழுது காத்திருக்காது, வட்டி போல் வளரும்.

நம் கோரிக்கை எளியது. அகலப்படுத்த வேண்டாம், உல்லாச விடுதிக்கு வழி வேண்டாம். உள்ள பாதையைச் செப்பனிடு! ஓடைகளுக்கு நடைபாலம் போடு! யானையும் மானும் கடக்க வழி விடு! காண்ட்ராக்டருக்கு அல்ல, பளியருக்கும் உள்ளூர்க் கூலிகளுக்கும் நியாயக் கூலியோடு அந்த வேலையைக் கொடு!

தோழர்களே, மே தினத்திலும் ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. வெறுங்கையோடு போகாதீர்கள். பளியர் மக்களை முன்னே நிறுத்தி, 3(2) பிரிவைச் சொல்லி, தீர்மானத்தை எழுதி வாங்குங்கள். காட்டையும் காப்போம், காட்டில் நடக்கும் மனிதனையும் காப்போம்!