சாவு மேளம் தமிழர் இசை ஆன கதை

பறை இப்போது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. கல்லூரி விழா, கட்சி மாநாடு, கல்யாண ஊர்வலம், கடல் கடந்த தமிழ்ச் சங்கம். அறிவிப்பாளர் தவறாமல் 'தமிழனின் ஆதி இசை' என்கிறார். தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையைச் சேர்த்திருப்பதைச் சொல்கிறார். அங்கிருந்து ஒரே தாவில் இன்றைக்கு வந்துவிடுகிறார். இந்தத் தாவலைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். தாண்டப்பட்ட அந்த நடுவில் எங்கப்பா இருக்கிறார்.

ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். "எழவு விழுந்துடுச்சி, மோளத்த எடுத்துக்கிட்டு வாடா" என்பான் அப்பாவைவிட முப்பது வயது இளைய பையன். காய்ச்சலா, நடவு வேலையா, எந்தக் கேள்வியும் கிடையாது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, பிணம் எடுக்கிறவரை பந்தலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். கொஞ்சம் நெல், கொஞ்சம் சாராயம், சில்லறை. இதற்கு ஊர் வைத்திருந்த பெயர் 'சுதந்திரம்'. (இதைவிடக் கொழுப்பெடுத்த சொல் தமிழில் உண்டா?) ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி எல்லாம் அவர் கையில் இருந்தன. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் மாறிமாறி விழும்போது கிழவிகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அதை யாரும் இசை என்று சொன்னதில்லை.

பிறகு எங்கள் சேரி 'இனி அடிக்க மாட்டோம்' என்றது. இப்படிச் சொன்ன சேரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். கூலி வேலை நின்றது, கடையில் சாமான் கொடுக்கவில்லை. அப்பா பறையைப் பரணில் போட்டார். தோலை எலி கடித்தது. "கை அரிக்குதுடா" என்று தகரக் கதவில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அடிக்க மறுத்ததும் எங்கள் இசை வரலாறுதான். எந்த மேடை அறிவிப்பிலும் அது வருவதில்லை.

பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் நம்மவர்களே. 1990களில் மதுரை இறையியல் கல்லூரியின் தலித் கலைவிழா, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறை எடுத்த பெண்கள், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' – இவர்கள் சாதியை உரக்கப் பேசிக்கொண்டே அடித்தார்கள். இப்போது சாதியைக் கழுவிவிட்டு அடிக்கச் சொல்கிறார்கள்.

மிருதங்கத்துக்கு இது முன்பே நடந்தது. மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. தோலைப் பதமாக்கி மிருதங்கம் கட்டுகிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது.

2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் விருதுச் செய்தியைப் பகிர்ந்த வீட்டிலேயே எழவு விழுந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

பயிற்சிப் பட்டறையில் பறை பழகுகிற நகரத்துத் தோழர்களே, பழகுங்கள். யார் வேண்டாமென்றது? அடுத்த சாவு உங்கள் சித்தப்பா வீட்டில் விழும்போது குச்சியை நீங்களே எடுங்கள். சேரிக்கு ஆள் அனுப்பாதீர்கள்.